உங்க எம்.டி. பேர் என்ன?

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் ஒரு படம் பார்த்தோம். டி.வி.டி.யில். வெளிநாட்டுப் படம். பெயர் என் வாயில் நுழையவில்லை, விட்டுவிடுகிறேன். கீழே ஓடுகிற இங்கிலீஷ் வரிகளைப் படித்துத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி படித்ததைச் சொன்னேன், மீதியை நானாகவே போட்டுக்கொண்டேன்... யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

கதை இதுதான். ஒரு சின்ன ஊரில் பிஸ்கட் கம்பெனி. புருஷன், பெண்டாட்டி, மச்சினன் என்று குடும்பமே அங்கேதான் வேலை பார்க்கிறது. ஒரு பெரிய கம்பெனி அதை விலைக்கு வாங்குகிறது. வாங்கிய கையோடு ஓர் உத்தரவு – இருக்கிறவர்கள் எல்லோரும் அவரவர் வேலைக்கே மறுபடியும் இன்டர்வியூவுக்கு வரவேண்டும். இருபத்தைந்து வருஷமாக அடுப்பைப் பார்த்துக்கொண்ட மனுஷன் கோட் மாட்டிக்கொண்டு போய் உட்காருகிறார். எதிரில் மீசை முளைக்காத ஒருவன். ‘இந்த வேலைக்கு உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?’ என்று கேட்கிறான்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பதற்குத்தானே எடுத்திருக்கிறார்கள்? திரும்பிப் பார்த்தால், தங்கை சரஸ்வதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். தாகமெல்லாம் இல்லை. போன வருஷம் நடந்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அதைப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியில் எழுதட்டுமா என்று சரசுவிடம் கேட்டேன்.

“எழுதுங்கண்ணா. அவரு பேரை மட்டும் நீங்களே எழுதிக்குங்க” என்றாள்.

எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையின் பெயர் கந்தசாமி.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் போனால் அவர்களுடைய பனியன் கம்பெனி. நாற்பது மிஷின். ஐந்தாறு மிஷினோடு ஆரம்பித்த காலத்திலிருந்து இருவரும் சேர்ந்தே வளர்த்தது. துணி வாங்குவது, சாயப்பட்டறைக்கு அலைவது, மிஷின் மக்கர் பண்ணினால் கழற்றி மாட்டுவது – இதெல்லாம் கந்தசாமி. மற்றது அத்தனையும் சரசு. செக்கிங் டேபிள் ஓரத்தில் நின்றபடியே முழுக் கம்பெனியையும் ஓட்டுவாள். கழுத்துப் பட்டி அரை சென்டிமீட்டர் ஏறியிருந்தால் தொட்டே சொல்லிவிடுவாள். எந்த டெய்லருக்கு எந்த ஊரில் என்றைக்குக் கோயில் கொடைத் திருவிழா, யார் பிள்ளைக்குப் பரீட்சை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். 

அவளிடம் ஒரே ஒரு வழக்கம். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்களுக்கு உள்ளதுதான், சரசுவிடம் கொஞ்சம் தூக்கல். புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ‘ஏனுங்க’ என்றால் அவர் திரும்பிவிடுவார். மற்றவர்களிடம் ‘இவிங்க’, ‘பாப்பாவோட அப்பா’. கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர் ஒருவருக்கும் கந்தசாமி என்றே பெயர். அவர் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது, இன்றுவரை சரசுவுக்கு அவர் ‘அயர்ன்கார அண்ணன்’தான். கந்த சஷ்டிகூட வெறும் சஷ்டிதான். எழுதுவதில் தடையில்லை. பேங்க் பாரத்தில் புருஷன் பெயரைப் பளிச்சென்று எழுதுவாள். வாயால்தான் வராது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மந்தம் வந்தது. அமெரிக்காவில் யாரோ வீட்டுக்கடன் கட்டவில்லையாம்... அனுப்பர்பாளையத்தில் மிஷின் நின்றது. கந்தசாமிக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் மூன்று நாள் கூலியில் என்ன செய்வார்கள்? சிலர் ஊருக்கே கிளம்ப மூட்டை கட்டினார்கள்.

அந்த நேரத்தில் ஓர் ஏஜென்ட் மூலம் ஒரு ஐரோப்பிய பையர், அதாவது மொத்தமாக வாங்குகிறவர், கிடைத்தார். குழந்தைகள் உடை. வருஷம் முழுக்க ஆர்டர். ஆனால் அதற்குமுன் கம்பெனி ஒரு ஆடிட்டில் தேறவேண்டும். கணக்கு வழக்கு ஆடிட் இல்லை. தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, கழிப்பறை சுத்தமா, யாரையாவது மிரட்டி வேலை வாங்குகிறோமா என்று பார்க்கிற ஆடிட். நல்ல விஷயம்தான். மூன்று நாள் வேலை ஆறு நாளாவதும், ஊருக்குப் போக நினைத்தவர்கள் மூட்டையைப் பிரிப்பதும் இப்போது அந்த ஆடிட் கையில் இருந்தது.

இங்கேதான் நான் உள்ளே நுழைகிறேன். எனக்குப் பனியன் தைக்கத் தெரியாது. யோசனை சொல்லத் தெரியும். “ஒரு கன்சல்டன்ட்டைப் போட்டுக்கலாம் மாப்ளே, இதெல்லாம் முறைப்படி செய்யணும்” என்றேன். நண்பரின் தம்பி ஒருவர், கோயமுத்தூரில் மேனேஜ்மென்ட் படித்தவர், லேப்டாப்போடு வந்து இறங்கினார். நல்ல பையன். மரியாதையான பையன். அவர் செய்த எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாக அவர் ஒரு சார்ட் போட்டார். உச்சியில் ஒரு பெட்டி – எம்.டி., திரு. கந்தசாமி. கீழே புரொடக்‌ஷன், குவாலிட்டி, எச்.ஆர்., ஃபைனான்ஸ் என்று வரிசையாகப் பெட்டிகள். பெட்டிகளில் ஒவ்வொரு பெயராக விழுந்தது, தங்கை பெயரைத் தவிர.

“மேடம், நீங்க என்ன பார்க்கறீங்க?” என்று கேட்டார்.

“எல்லாந்தானுங்க.”

“எல்லாம்னு ஒரு டிபார்ட்மென்ட் கிடையாதுங்களே மேடம்.”

பாவம், அவரும் என்ன செய்வார்? யோசித்து யோசித்து கடைசியில் எச்.ஆர். பெட்டியில் அவளை வைத்தார். கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டையும் வந்தது. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். அவள் முதலாளியின் மனைவி என்று ஆடிட்டரிடம் மூச்சு விடக்கூடாது. குடும்பம் நடத்துகிற கம்பெனி என்றால் பையர்கள் யோசிப்பார்களாம். வீட்டில் சண்டை வந்தால் ஷிப்மென்ட் நின்றுவிடும் என்ற பயமாம். நானும் ‘ஆமாம், அதுவும் சரிதானே’ என்று ஒத்து ஊதினேன்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது, முதலுதவிப் பெட்டி சாவி யாரிடம், ஓவர்டைமுக்கு என்ன கூலி என்றெல்லாம் கேள்வி பதில். சரசு ராத்திரி சமையலின்போதுகூட மனப்பாடம் செய்தாள். எட்டாவது படிக்கும் மகள் கேள்வி கேட்க, இவள் பதில் சொல்ல... அத்தனை பதிலும் தயார்.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்தார். முப்பது வயதுப் பெண். காட்டன் சுடிதார், மெல்லிய குரல். தொழிலாளர்கள் பயப்படாமல் பேசவேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரையும் தனியறையில் வைத்துத்தான் பேசுவாராம். பத்துப் பேரிடம் பேசினார். கடைசியாக எச்.ஆர். மேனேஜரைக் கூப்பிட்டார். அந்த அறையில் நான் இல்லை. நடந்ததைச் சரசு சொல்லித்தான் தெரியும்.

நாற்பது நிமிஷம் சரசு வெளுத்து வாங்கியிருக்கிறாள். ஒரு கேள்வியிலும் தடுமாறவில்லை. ஆடிட்டருக்குத் திருப்தி. நோட்டை மூடப்போகிற நேரத்தில், ஏதோ ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகச் சாதாரணமாகக் கேட்டார்:

“உங்க எம்.டி. பேர் என்னங்க?”

இவ்வளவு சுலபமான கேள்விக்கு யாராவது ஒத்திகை பார்ப்பார்களா?

சரசுவுக்கு வாய் கட்டிக்கொண்டது. பெயரைச் சொல்ல முடியாது. ஏன் சொல்ல முடியாது என்பதையும் சொல்லக்கூடாது. என்ன செய்வாள்? கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். யாராவது வந்து பெயரைச் சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசை. யாரும் வரவில்லை. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தி, “ஒரு பேனா குடுங்க, எழுதிக் காட்டறனுங்க” என்றாளாம்.

ஆடிட்டர் பேனாவைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க எங்கிட்ட தைரியமா பேசலாம்” என்றும் சொன்னாராம். அப்போதும் சரசுவுக்கு விஷயம் புரியவில்லை. ரொம்பத் தங்கமான பொண்ணு என்று வீட்டில் வந்து சொன்னாள்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. சிவப்பு. தேறவில்லை.

மூன்று குறைகள். ஒன்று, அவசர வழியை மறித்து அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. அது நம் தப்பு, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு, கம்பெனி உரிமையாளர் யார் என்று தொழிலாளர்களுக்கே தெரியவில்லை. விசாரித்த பத்துப் பேரில் எட்டுப் பேர் எச்.ஆர். மேனேஜரின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதை அப்படியே தமிழில் தருகிறேன்: ‘நிர்வாக இயக்குநரின் பெயரைக் கேட்டதும் எச்.ஆர். மேனேஜர் அச்சத்துடன் நாலாபுறமும் பார்த்தார். வாய்விட்டுச் சொல்ல மறுத்தார். ரகசியமாக எழுதிக்காட்ட அனுமதி கேட்டார். இங்கே மிரட்டல் இருக்கிறதா என்று மேலும் விசாரிக்க வேண்டும்.’

கந்தசாமி ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காத ஆள். செருப்புக் காலோடு மிஷின் பக்கம் போகமாட்டார். அவரைப் பார்த்துப் பெண்கள் நடுங்குகிறார்களாம்!

எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. ஆறு வாரத்தில் மறு ஆடிட். அதிலும் போனால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். கன்சல்டன்ட் தம்பி ரிப்போர்ட்டை மூன்று முறை படித்துவிட்டு, குறை இரண்டும் மூன்றும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று கண்டுபிடித்தார். மேடம் கம்பெனியில் இருப்பதுதான் பிரச்சினை. மறு ஆடிட் முடிகிறவரை அவர் வீட்டில் இருக்கட்டும், எம்.பி.ஏ. படித்த ஒருவரை அந்த இடத்தில் போடலாம் என்றார். 

நானும் தலையாட்டினேன். இதை எழுதும்போது இன்னும் கூசுகிறது. பதினேழு வருஷமாக அந்த டேபிள் ஓரத்தில் நின்றவளை, அவள் அண்ணனே, ‘கொஞ்ச நாள்தானே சரசு’ என்று சொன்னேன்.

அவள் சண்டை போடவில்லை. அடையாள அட்டையைக் கழற்றினாள். நாடாவை ஒழுங்காகச் சுற்றி மேஜைமேல் வைத்தாள். “சரிங்க” என்றாள். கந்தசாமியைப் பார்க்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். 

புது எச்.ஆர். வந்தார். லீவு வேண்டுமென்றால் பாரம். பாரத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். காரணம் சரியாக இருந்தால் லீவு. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர்கள் பதினோரு பேருக்கும் ஒரே வாரத்தில் ஊரில் கொடை. சரசு இருந்தால் யார் போகவர ஒரு நாள், யார் மூன்று நாள், யார் அடுத்த கொடைக்குப் போவது என்று அவர்களையே உட்காரவைத்துப் பேசித் தீர்த்திருப்பாள். இப்போது பதினோரு பாரம் வந்தது. பதினொன்றிலும் காரணம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு வரிசை மிஷின் முழுக்கக் காலி.

கையில் இருந்த ஒரே உள்ளூர் ஆர்டருக்குக் கந்தசாமியே மிஷினில் உட்கார்ந்து தைத்தார். பக்கத்து மிஷினில் செல்வராணி. அவளும் திருநெல்வேலிக்காரிதான், முந்தின வருஷக் கொடைக்குப் போய்விட்டதால் இந்த முறை போகவில்லை. தைத்துக்கொண்டே அவளிடம் கேட்டிருக்கிறார், அன்றைக்கு ஆடிட்டரிடம் ஏன் சரசு பெயரைச் சொன்னாய் என்று. கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

“மொதலாளி யாருன்னு கேட்டாவ. சரசக்கான்னு சொன்னேன்” என்றாளாம் செல்வராணி. “நீங்க நல்லவியதான் அண்ணாச்சி. ஆனா, எங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க அவுககிட்டதான போவோம்?”

அன்று மத்தியானம் கந்தசாமி நேராக என் வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. கையில் அந்த ரிப்போர்ட், நாலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோயிருந்தது. சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றார்.

“மச்சான், ரிப்போர்ட்டுல தப்பு இல்லீங்க. நாம போட்ட சார்ட்டுலதானுங்க தப்பு” என்றார்.

லேப்டாப் வைத்திருந்தவருக்கும் பத்தி எழுதுகிறவனுக்கும் தோன்றாதது, மிஷினில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தைத்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது.

அவர் எடுத்த முடிவு – இனிமேல் சரசுதான் எம்.டி., தான் புரொடக்‌ஷன் மேனேஜர். உண்மையில் நடப்பதும் அதுதானே? என்னையும் கூட்டிக்கொண்டே அவளிடம் சொல்லப் போனார். அவள் சம்மதிப்பாள் என்றுதான் நினைத்தோம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“ஆடிட்டுக்கு ஒருக்கா பெட்டியில வைப்பீங்க. ஆகலைன்னா எடுப்பீங்க. ஆயிருச்சுன்னாலும் எடுப்பீங்க” என்றாள். “நான் என்ன கொலுப் பொம்மைங்களா?”

கந்தசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நான் நினைத்தேன். மறுநாள் வக்கீலைப் பார்த்து, கம்பெனிப் பத்திரத்தையே அவள் பெயர் முதலில் வருகிற மாதிரி மாற்றி எழுதி, கையெழுத்துக்காக அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். பத்திரத்தில் ‘நிர்வாகப் பங்குதாரர்’ என்று இருந்தது. நம்ம ஊரில் நாலு மிஷின் போட்டாலே எம்.டி.தான், அது கிடக்கட்டும். சரசு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

அட்டைப்பெட்டிகளை அவசர வழியிலிருந்து எடுத்தாயிற்று. கொடைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். இருவரும் புருஷன் பெண்டாட்டி என்பதை மறைப்பதில்லை என்றும் முடிவாயிற்று. கன்சல்டன்ட் தம்பி முதலில் தயங்கினார், பிறகு புது சார்ட் போட்டார். எல்லோருக்கும் புது அடையாள அட்டை வந்தது. ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. கந்தசாமி தன் அட்டையை மட்டும் தனியாக வெளியே கொடுத்து அடித்துவந்தார். மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிசு. தமிழிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்தில் பெயர். எதற்கு என்று கேட்டால், ‘சும்மா இருக்கட்டுமுங்க’ என்றார்.

மறு ஆடிட்டுக்கு அதே சென்னைப் பெண்தான் வந்தார். பத்துத் தொழிலாளர்களிடமும் உரிமையாளர் யார் என்று கேட்டார். பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள். ஒத்திகையே இல்லாமல்! புரொடக்‌ஷன் மேனேஜரிடம் எம்.டி. பெயரைக் கேட்டார். ‘சரஸ்வதிங்க’ என்றார் கந்தசாமி, கணீரென்று. கடைசியில் எம்.டி.யின் அறை. கன்சல்டன்ட் தம்பியும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தது. நோட்டை மூடப்போகிற நேரத்தில் ஆடிட்டர் சாதாரணமாகக் கேட்டார்:

“உங்க புரொடக்‌ஷன் மேனேஜர் பேர் என்னங்க?”

கன்சல்டன்ட் தம்பி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பெட்டியை மாற்றினோம்... கேள்வியும் கூடவே இடம் மாறும் என்று எங்களில் யாராவது யோசித்தோமா?

சரசு நாற்காலியை விட்டு எழுந்தாள். கதவைத் திறந்து, “ஏனுங்க, ஒரு நிமிசம் இங்க வாங்க” என்றாள். அத்தனை மிஷின் சத்தத்திலும் கந்தசாமிக்கு அது கேட்டது. வந்தார். ஆடிட்டர் எதிரில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கொட்டை எழுத்து அட்டை அவர் நெஞ்சில் தொங்கியது.

“படிச்சுக்குங்க” என்றாள் சரசு.

ஆடிட்டர் படித்தார். அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். ஆறு வாரத்துக்கு முன் இதே பெண் பேனா கேட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் சிரித்தாராம். சிரித்து ஓய்ந்தபின், ஆடிட்டுக்காக இல்லை, தனக்காக என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: “பேரைச் சொல்ல நிஜமாவே பயமில்லையே?”

“பயமெல்லாம் இல்லீங்க” என்றாள் சரசு. “பேரைச் சொல்லாமயே பதினேழு வருசமா திரும்பிப் பாக்கறாருங்க. அப்புறம் பேரு எதுக்குங்க?”

மஞ்சள் கிடைத்தது. பச்சை இல்லை, ஆனால் ஆர்டருக்கு மஞ்சள் போதும். இப்போது வாரத்தில் ஆறு நாளும் மிஷின் ஓடுகிறது. செல்வராணி மூட்டை கட்டவில்லை.

கன்சல்டன்ட் தம்பியைப் போன வாரம் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். நிறைய கம்பெனிகளுக்குப் போகிறாராம். எங்கே போனாலும் சார்ட் வரைவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறாராம்.

“இங்க யாரு பேரை யாரு சொல்ல மாட்டாங்க?”